இறுக்குது, ஏறுது, குத்துது: ஆல்டரேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பத்துக்கு எட்டடியில் ஒரு கடை என்னுடையது. ஒரு தையல் மெஷின், துணி விளிம்பு பிரியாமல் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு ஸ்டூல், திரை போட்ட ஒரு மூலை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும்தான். தொழில் கற்றது மாமாவிடம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்தவர் அவர். அங்கிருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அந்தக் காலத்தில் மாமாவிடம் கேட்ட கேள்விகளைத்தான் இன்று என்னிடமும் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"ஆல்டர்னா சைஸ் குறைக்கிறதுதானே?"

அது பாதி வேலைதான். பெரிய சட்டையைப் பிடித்துக் கொடுப்பது, நீளமான பேன்ட்டை மடித்துத் தைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. மீதிப் பாதி, அளவு சரியாகவே இருக்கும், ஆனால் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்க முடியாது என்கிற துணிகள். அக்குளில் வெட்டும், கழுத்தில் அரிக்கும், உட்கார்ந்தால் வயிற்றை அழுத்தும், கையைத் தூக்கினால் இடுப்பு தெரியும். இவற்றையும் பெரும்பாலும் சரிசெய்யலாம். பலர் இதை டெய்லரிடம் சொல்வதே இல்லை. "துணின்னா அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டு, கடைசியில் பீரோவின் அடித்தட்டில் போட்டுவிடுகிறார்கள்.

"டெய்லர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. 'லூஸ் பண்ணுங்க'ன்னு சொன்னா போதாதா?"

போதாது. "லூஸ் பண்ணுங்க" என்றால் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவோம். அதுதான் சுலபம். உங்கள் தொந்தரவு வேறு இடத்தில் இருந்தால் துணி தொளதொள என்று ஆகும், தொந்தரவு அப்படியே இருக்கும். எனவே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். எங்கே உறுத்துகிறது, எப்போது உறுத்துகிறது என்று சொல்லுங்கள்.

ஒரு அக்கா வங்கியில் வேலை பார்ப்பவர். ஜாக்கெட் இறுக்கம், ஒரு அங்குலம் விடுங்கள் என்று வந்தார். போட்டுக் காட்டச் சொன்னால் கச்சிதமாக இருந்தது. "எப்ப இறுக்குது?" என்று கேட்டேன். "ஸ்கூட்டர்ல போறப்ப." ஸ்டூலில் உட்காரவைத்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கையை முன்னால் நீட்டச் சொன்னேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகுத் துணி கம்பிபோல் விறைத்து நின்றது. நெஞ்சில் அல்ல, முதுகு அகலத்தில்தான் குறை. பின்பக்க டாட் இரண்டையும், அதாவது உடம்போடு ஒட்டுவதற்காகப் பிடித்த மடிப்புத் தையலை, கொஞ்சம் தளர்த்தி, கை இணைப்பில் பின்பக்கம் மட்டும் கால் அங்குலம் விட்டேன். பக்கத் தையலைத் தொடவே இல்லை. அவர் சொன்னபடி செய்திருந்தால் முன்பக்கம் தொங்கியிருக்கும்.

"ஆல்டருக்கு வரும்போது என்ன கொண்டுவரணும்?"

வழக்கமாக அந்தத் துணியோடு போடும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு வாருங்கள். வேறு உள்ளாடை என்றால் ஜாக்கெட்டின் அளவே மாறிப்போகும். பேன்ட் என்றால் அதற்குப் போடும் செருப்பு அல்லது ஷூ. உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் பழைய துணி ஒன்று இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். டேப் சொல்லாத விஷயத்தை அந்தப் பழைய துணி சொல்லும்.

அப்புறம், பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், முடிந்தால் இரண்டு தடவை. இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், கடையிலிருந்து நேராகக் கொண்டுவந்த காட்டன் பேன்ட்டை அளந்து, மிச்சத் துணியை வெட்டி எறிந்துவிட்டு மடித்துக் கொடுத்தேன். முதல் துவைப்பில் சுருங்கிக் கணுக்காலுக்கு மேல் போய்விட்டது. அந்தத் தம்பி ஒன்றும் சொல்லவில்லை, பேன்ட்டை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். புதுப் பேன்ட்டுக்கு என் கையிலிருந்து காசு கொடுத்தேன். இப்போதெல்லாம் துவைக்காத துணி வந்தால் வெட்டுவதில்லை. மிச்சத்தை உள்ளேயே மடித்து விட்டுவிடுகிறேன்.

"எவ்வளவு வரைக்கும் பெரிசாக்க முடியும்?"

துணியைத் திருப்பிப் பாருங்கள், பதில் உள்ளேதான் இருக்கிறது. தையலுக்கு அந்தப்புறம் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்களோ அவ்வளவுதான் கிடைக்கும். நம் ஊர் டெய்லர்கள் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் தாராளமாகத் துணி விட்டு, கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று வரித் தையல் போட்டுக் கொடுப்பார்கள். உடம்பு வைத்தால் உள்வரியைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் முன்துணி ஒன்று, பின்துணி ஒன்று. இரண்டு பக்கத்துக்கும் நான்கு. ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் கிடைத்தால் மொத்தச் சுற்றளவில் ஒரு அங்குலம். ஒரு வரி பிரித்தால் ஒரு அங்குலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெடிமேடில் இந்த வசதி குறைவு. தொழிற்சாலையில் துணியை மிச்சம் பிடிப்பார்கள், விளிம்பை ஓவர்லாக் அடித்து ஒட்ட வெட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அரை அங்குலம்கூட இருக்காது. அதனால் ரெடிமேட் வாங்கும்போது இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுங்கள். பிடித்துக் கொடுப்பது எப்போதும் முடியும்.

பட்டில் ஒரு சிக்கல் உண்டு. தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். சில பட்டில் இஸ்திரி போட்டுத் தடவினால் மறையும், சிலவற்றில் மறையாது. இன்னொன்று, பல வருடம் வெயில் பட்ட துணியில் உள்ளே மறைந்திருந்த பகுதி மட்டும் புதுநிறத்தில் பட்டையாகத் தெரியும். பிரிக்கும் முன் இதை டெய்லர் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

"உள்ள துணியே இல்லைங்கிறாங்க. அப்ப தூக்கிப் போட வேண்டியதுதானா?"

இல்லை. வேறு துணி சேர்க்கலாம். அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் இரண்டு மூன்று அங்குலம்கூடக் கூட்டலாம். கையைக் கீழே விட்டால் தெரியாத இடம் அது. அதே துணி வேண்டுமென்றால் சுடிதாரின் நீளத்தைக் குறைத்து எடுக்கலாம், முழுக்கையை முக்கால் கையாக்கி எடுக்கலாம். புடவையோடு வந்த ஜாக்கெட் துணியில் தைக்கும்போதே வெட்டியது போக மிச்சம் இருக்கும். அதை டெய்லரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு கவரில் போட்டு அந்த ஜாக்கெட்டோடேயே வைத்தால் ஐந்து வருடம் கழித்துக் கைகொடுக்கும். யாரும் வாங்கி வைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"கை தூக்கினா ஜாக்கெட் மேல ஏறுது. கைக்குழியை இறக்கிடுங்கண்ணே."

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. கைக்குழியை இறக்கினால் இன்னும் மேலே ஏறும். நம்பச் சிரமமாக இருக்கும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

கையும் உடம்பும் சேரும் இடம் அக்குளை ஒட்டி இருந்தால், கையைத் தூக்கும்போது கைத்துணி மட்டும் நகரும். அந்த இடத்தை இரண்டு அங்குலம் கீழே இறக்கினால், கை தூக்கும்போது அந்த இணைப்பையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும். அதோடு ஜாக்கெட்டின் பக்கவாட்டு முழுவதும் மேலே வரும். தொளதொள சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துப் பாருங்கள், சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும். ஒட்டிய கைக்குழி உள்ள சட்டை அந்த அளவுக்கு வராது.

எனவே முதலில் ஒரு சோதனை. கையைத் தொங்கவிட்டபடி நிற்கும்போதே அக்குளில் வெட்டுகிறதா? அப்படியானால் கைக்குழி உண்மையிலேயே சின்னது, கால் அங்குலம் இறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கையைத் தூக்கும்போது மட்டும்தான் இழுக்கிறது என்றால் குறை கைத்துணியில். புஜத்தில் கையின் அகலம் போதவில்லை. கைத்தையலைப் பிரித்துவிட வேண்டும். அதிலும் துணி இல்லையென்றால் அக்குளில் ஒரு சதுரத்துண்டு வைக்கலாம். இரண்டரை, மூன்று அங்குலச் சதுரம், ஒரு முனை கையைப் பார்த்து, எதிர்முனை இடுப்பைப் பார்த்து இருக்கும். பழைய பாணி ஜிப்பாவைப் புரட்டிப் பாருங்கள், அக்குளில் இந்தச் சதுரம் இருக்கும். ஜிப்பா போட்டவர் எந்தப் பக்கமும் கையை வீசிப் பேச முடிவது அதனால்தான். நடனம் ஆடும் பிள்ளைகளின் ஜாக்கெட்டுக்கு நான் கேட்காமலேயே வைத்துவிடுவேன்.

"சாப்பிட்டு முடிச்சா ஜாக்கெட் மூச்சு முட்டுது. ஆனா லூஸ் பண்ணினா ஃபிட்டிங் போயிடும்."

நெஞ்சுக்குக் கீழே வரும் பட்டிதான் காரணம். துணியைப் பிரிக்கவே வேண்டாம். கொக்கி மாட்டும் நூல் வளையங்களை இரண்டு வரிசையாகப் போட்டுத்தரச் சொல்லுங்கள், அரை அங்குல இடைவெளியில். பந்திக்கு முன் ஒரு வரிசை, பந்திக்குப் பின் ஒரு வரிசை. கடைசி இரண்டு கொக்கிக்கு மட்டும் போட்டாலே போதும்.

"சட்டை காலர் பட்டன் போட முடியல."

பட்டனை ஓரத்தை நோக்கி நகர்த்தித் தைத்தால் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம்வரை கிடைக்கும். காஜாவை, அதாவது பட்டன் நுழையும் துளையைத் தொட வேண்டாம். அதற்கு மேல் நகர்த்தினால் காலர் ஒரு பக்கமாகக் கோணும். அரை அங்குலம் போதவில்லையென்றால் மேல் பட்டனை மறந்துவிடுங்கள். காலர் விளிம்பு தாடி உரசிப் பிய்ந்து கழுத்தில் குத்துகிறது என்றால் அது வேறு வேலை. காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைக்கலாம், பிய்ந்த பக்கம் அடியில் போய்விடும். மாமா காலத்தில் தினம் இரண்டு சட்டை இதற்கு வரும். இப்போது மாதம் ஒன்று வந்தால் அதிகம்.

"பின்கழுத்துல லேபிள் குத்துது, நானே கத்தரிச்சுட்டேன். இப்ப முன்னைவிட அதிகமா குத்துது!"

கத்தரித்தால் அப்படித்தான். தையலுக்குள் மாட்டிக்கொண்ட அடிக்கட்டை விறைப்பாக நிற்கும். லேபிளைத் தைத்திருப்பது சில நேரம் மீன்பிடி நரம்பு போன்ற நைலான் நூல், அதன் முனை ஊசி மாதிரி. முழுத் தையலையும் பிரித்து லேபிளையும் நூலையும் உருவிவிட்டு, திறந்த இடத்தை மறுபடி தைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே கத்தரித்துவிட்டீர்கள் என்றால் அடிக்கட்டையின்மேல் மெல்லிய காட்டன் பட்டை ஒன்றைப் போர்த்தித் தைத்துவிடலாம்.

"ஆரி வொர்க் ஜாக்கெட் உள்பக்கம் அரிக்குது. ஜரிகைப் புடவை ஜாக்கெட்டும் கையில அறுக்குது."

ஆரி வேலையின் அழகு வெளியே, முடிச்சும் கம்பியும் உள்ளே. வேலைப்பாடு முடிந்தபிறகு லைனிங் வைத்தால் முடிச்சுகள் மறைந்துவிடும். லைனிங்கையும் துணியையும் சேர்த்துவைத்தே வேலை செய்திருந்தால் எல்லாம் தோலில்தான் உரசும். கைக்கும் முதுகுக்கும் மட்டும் உள்ளே இன்னொரு அடுக்கு மெல்லிய காட்டன் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஜரிகைக் கரை கைவிளிம்பில் அறுத்தால், உள்ளே ஒரு அங்குலக் காட்டன் பட்டையைக் கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, வெட்டி வைத்தால் போதும். கிராஸாக வெட்டினால்தான் கையோடு வளைந்து கொடுக்கும்.

லைனிங் துணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வழவழப்பான செயற்கைத் துணி வியர்வையை உறிஞ்சாது, சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காட்டன் லைனிங் வையுங்கள், ஆனால் நனைத்துக் காயவைத்த பிறகு. நனைக்காமல் வைத்தால் துவைத்ததும் லைனிங் மட்டும் சுருங்கி, ஜாக்கெட் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். "புது ஜாக்கெட் ஒரே துவைப்புல இறுக்கமாயிடுச்சு" என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இதுதான்.

"நின்னா சரியா இருக்கு, உட்கார்ந்தா பேன்ட் வயித்தை அழுத்துது."

உட்கார்ந்தால் இடுப்புச் சுற்றளவு கூடும், எல்லோருக்கும். அளவெடுக்கும்போது நிற்கவைத்தே எடுக்கிறார்கள், நாமோ அலுவலகத்தில் எட்டு மணிநேரம் உட்கார்ந்திருக்கிறோம். ஆண்களின் ஃபார்மல் பேன்ட்டைத் திருப்பிப் பின்பக்க நடுத்தையலைப் பாருங்கள். மேலே அகலமாக இருக்கும், ஒரு அங்குலம் ஒன்றரை அங்குலம் துணி விட்டிருப்பார்கள். இடுப்புப் பட்டியும் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்திருக்கும். பெருக்குவதற்காகவே விட்டது அது. அதிலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் எடுக்கலாம்.

குறைப்பதற்கும் அதே இடம்தான். ஆனால் இரண்டு அங்குலத்துக்கு மேல் குறைத்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள வரும், பார்க்க நன்றாக இருக்காது.

"ஜீன்ஸுக்கும் அப்படிப் பண்ணலாமா?"

பெருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸின் பட்டி ஒரே துண்டு, பின்தையல் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையல் போட்டது, உள்ளே மிச்சம் எதுவும் இருக்காது. பக்கவாட்டில் பட்டியை வெட்டி முக்கோணத் துண்டு வைக்கலாம், சட்டையை வெளியே விடுபவருக்கு அது ஓடும். குறைக்க வேண்டுமானால், பின்பக்கம் பட்டிக்குள் இரண்டு துண்டு எலாஸ்டிக் நுழைத்துத் தைப்பதைத்தான் நான் சொல்வேன். உட்கார்ந்தால் விரியும், நின்றால் சுருங்கும்.

தொடை உரசிக் கிழிவதும் ஜீன்ஸில்தான் அதிகம். ஓட்டை விழுந்தபிறகு கொண்டுவந்தால் ஒட்டுப் போடத்தான் முடியும். துணி மெலிந்து வெளுக்கும்போதே வாருங்கள், உள்ளே ஒரு துண்டு வைத்து நெருக்கமாக ஓட்டிவிடலாம். கவட்டையில் நான்கு தையல் ஒரே புள்ளியில் முட்டுவதால் குத்துகிறது என்றால், அந்த இடத்தில் டைமண்டு வடிவத் துண்டு வைத்தால் புள்ளியே இல்லாமல் போகும். அக்குள் சதுரத்தின் அதே வித்தைதான் இது.

"பாவாடை நாடா இடுப்புல கறுப்பாத் தடம் போட்டுடுச்சு. புடவை கட்டினா இறுக்கித்தானே ஆகணும்?"

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். மெல்லிய கயிறுபோன்ற நாடா ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுத்தினால் தோல் கறுக்கும், தடிக்கும், சிலருக்குப் புண்ணாகும். 2024-இல் பீகார், மகாராஷ்டிர மாநில மருத்துவர்கள் மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு வயதான பெண்களைப் பற்றி எழுதினார்கள். பாவாடை நாடா அழுத்திய இடத்தில் ஆறாத புண்ணாகிக் கடைசியில் தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. அரிதுதான், பயப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆறாத புண் இருந்தால் டெய்லரிடம் வராதீர்கள், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

தையலில் செய்யக்கூடியது சுலபம். நாடா நுழையும் மேல்மடிப்பைப் பிரித்து, இரண்டு மூன்று அங்குல அகலத்தில் பட்டி வைத்து, பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கொக்கி வைக்கலாம். பிடிமானம் அகலமாகப் பரவும், ஒரே கோட்டில் அழுத்தாது. புடவைக் கொசுவம் நழுவுமே என்றால் பட்டிக்குள் கொஞ்சம் கேன்வாஸ் என்கிற விறைப்புத் துணி வைத்தால் நிற்கும். நாடாதான் வேண்டும் என்பவர்கள் குறைந்தபட்சம் அகலநாடாவுக்கு மாறுங்கள். முடிச்சைத் தினம் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

"சுடிதாருக்கு பாக்கெட் வச்சுத் தர முடியுமா? டெய்லர் கேட்டா சிரிக்கிறார்."

முடியும். சிரிக்க ஒன்றுமில்லை. பக்கத் தையலில் ஆறு அங்குலம் திறந்து, உள்ளே பை தொங்கவிட வேண்டும். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சுடிதாருக்குப் பக்கத்தில் வெட்டு இருக்கும், பையின் அடி அந்த வெட்டுக்குக் கீழே இறங்கினால் நடக்கும்போது எட்டிப் பார்க்கும். அடுத்தது போன் எடை. மெல்லிய துணியில் போனைப் போட்டால் ஒரு பக்கம் சரிந்து தோளை இழுக்கும். அதனால் டாப்பைவிடப் பேன்ட்டில் வைப்பது நல்லது. இடுப்புப் பட்டியிலேயே பையின் மேல்முனையைச் சேர்த்துத் தைத்தால் எடை இடுப்பில் உட்காரும். நைட்டிக்கு வைப்பதென்றால் இந்தக் கவலை இல்லை, சாவியும் சில்லறையும் போட ஒரு பை போதும். என் வீட்டில் எல்லா நைட்டிக்கும் உண்டு.

"டி-ஷர்ட், லெக்கிங்ஸ் எல்லாம் கொடுக்கலாமா?"

ஓவர்லாக் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பனியன் துணி இழுபடும், சாதா நேர்த்தையல் இழுபடாது. போட்டு ஒரு தடவை குனிந்தால் நூல் படபடவென்று அறும். ஊசியும் வேறு, முனை மழுங்கிய ஊசி போட வேண்டும். கூர்முனை ஊசி பின்னலை அறுத்து வரிசையாகப் பொத்தல் விடும். ஓவர்லாக் தையலே அரிக்கிறது என்கிற சிலர் உண்டு, குழந்தைகளில் அதிகம். குழந்தைக்கு உள்ளே போடும் பனியனைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், யார் பார்க்கப்போகிறார்கள்.

"அம்மாவுக்குத் தோள்ல வலி, கை தூக்க முடியல. நைட்டி மாட்டவே கஷ்டப்படறாங்க."

தலைவழியாக மாட்டுவதை நிறுத்த வேண்டும். நைட்டியின் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்து, சட்டைபோல் போட்டுக்கொள்ளும்படி ஆக்கலாம். விரல் மடங்காதவர்களுக்குப் பட்டன், கொக்கி எதுவும் ஆகாது. உள்ளே வெல்க்ரோ வைத்து, வெளியே பார்வைக்குப் பட்டனைத் தைத்துவிடுவேன். அப்பாக்களின் சட்டைக்கும் இதேதான். காந்தப் பட்டன் என்று ஒன்று வருகிறது, மாட்டச் சுலபம். ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு நெஞ்சருகே காந்தம் கூடாது, நான் கேட்காமல் தைப்பதில்லை.

எந்தக் கை வலிக்கிறது என்பதைச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் என்றால் அந்தப் பக்கத்துத் தோள் தையலைக் கழுத்திலிருந்து கைவரை திறந்து வெல்க்ரோ வைத்தாலே போதும். மாட்டும்போது வலிக்கும் கையை முதலில் விடச் சொல்லுங்கள், கழற்றும்போது கடைசியில்.

"ஆல்டருக்கு இவ்வளவா? புதுசா தைக்கிற கூலியே கேட்கறீங்களே!"

தைப்பதைவிடப் பிரிப்பதற்குத்தான் நேரம். லைனிங் வைத்த ஜாக்கெட்டில் கையை ஒரு அங்குலம் பெருக்க, பக்கத் தையல், கை இணைப்பு, லைனிங் மூன்றையும் பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். அப்புறம் நூல் பிசிறுகளைப் பொறுக்கி, இஸ்திரி போட்டு, அதே வரிசையில் திரும்பப் பூட்ட வேண்டும். பேன்ட் மடிப்பதற்குக் கொஞ்சமாக வாங்குகிறேன் என்றால் அதில் பிரிப்பு வேலை இல்லை, அவ்வளவுதான்.

"எதை ஆல்டர் பண்ணவே கூடாது?"

கோட்டின் தோள். உள்ளே பஞ்சும் கேன்வாஸும் அடுக்கடுக்காக இருக்கும், கோட் தைப்பவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது, நானும் தொடுவதில்லை. சட்டைத் தோள் இறங்கி நிற்பதைச் சரிசெய்யலாம், ஆனால் கையைக் கழற்றி மாட்ட வேண்டும். நாற்பது சைஸை முப்பத்தாறாக்குவது வேண்டாத வேலை, பாக்கெட், காலர், கைக்குழி எல்லாம் பழைய அளவிலேயே நிற்கும். இழுத்தால் நூல் நூலாக வரும் நைந்த துணியும் வேண்டாம், தையல் நிற்காது.

"எப்ப கொடுத்தா நிதானமா செஞ்சு தருவீங்க?"

ஆடி, மார்கழி. முகூர்த்தம் இருக்காது, டெய்லர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் பள்ளி திறக்கும் ஜூன் மாதமும் வந்தால் "பக்கத் தையலைப் பிரிச்சு விடுங்க" கதைதான்.

வாங்க வரும்போது கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கடையிலேயே போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருங்கள், குந்துங்கள், கொண்டை போடுவதுபோல் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோங்கள், ஸ்கூட்டர் பிடியுங்கள். வெட்கப்பட வேண்டாம், திரை இருக்கிறது. வீட்டில் ஒருநாள் முழுக்கப் போட்டபிறகும் உறுத்தினால் ஒரு வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் துணிக்குச் சேர்ந்த நூல்கண்டு அதுவரை மெஷின் பக்கத்திலேயே இருக்கும்.